எண்ணாகமம் 33-ஐ யூத உரையாசிரியர்களோட சேர்ந்து படிக்கிறது எப்படி

பைபிளை வரிசையா படிச்சுட்டு வர்றவங்க கண்ணை மேயவிட்டுட்டு தாண்டிப் போற அதிகாரங்கள்ல எண்ணாகமம் 33 கண்டிப்பா இருக்கும். ராமசேசை விட்டு புறப்பட்டு சுக்கோத்துல பாளயமிறங்கினாங்க, சுக்கோத்தை விட்டு புறப்பட்டு ஏத்தாம்ல பாளயமிறங்கினாங்க, இப்படியே மோவாப் சமவெளி வரைக்கும் வெறும் ஊர்ப் பேருங்க தான். ஆனா யூத மரபுல இந்த பட்டியலை யாரும் தாண்டிப் போகல, ரஷி, ராம்பாம், ராம்பான்னு பெரிய ஆளுங்க எல்லாரும் இதுக்கு முன்னாடி நின்னு "இது எதுக்கு இங்க இருக்கு?"ன்னு கேட்டிருக்காங்க. இஸ்ரவேலரோட வனாந்தரப் பயணத்தை யூதர்கள் எப்படி வாசிக்கிறாங்கன்னு கத்துக்க ஆசைப்படுறவங்க இந்த அதிகாரத்துல தான் ஆரம்பிக்கணும்னு நான் சொல்வேன். யாத்திராகமத்துல ஆரம்பிச்சா கதையோட வேகம் நம்மளை இழுத்துட்டு போயிடும், உரை பக்கம் திரும்பவே மாட்டோம். இங்க கதையே இல்ல, அதனால உரை என்ன வேலை செய்யுதுன்னு பளிச்சுன்னு தெரியும்.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல நல்லா பதிய வச்சுக்கோங்க. யூத உரை எதுவா இருந்தாலும் அது ஒரு பதில். வசனத்துல ஏதோ ஒண்ணு உறுத்துது, ஒரு வார்த்தை கூடுதலா இருக்கு, ஒண்ணு குறையுது, ரெண்டு வசனம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல, அதுக்கு தான் அவர் எழுதுறார், ஆனா கேள்வியை பெரும்பாலும் எழுத மாட்டார், பதிலை மட்டும் சொல்லிட்டு போயிடுவார். கேள்வியை நாம கண்டுபிடிக்காம பதிலை மட்டும் படிச்சா ஏதோ பக்திக் கதை மாதிரி இருக்கும், "சரி நல்லா இருக்கு"ன்னு அடுத்த வசனத்துக்கு போயிடுவோம். ஜெருசலேம்ல இருந்த நெகாமா லெய்போவிட்ஸ் (1905-1997) அப்படின்னு ஒரு ஆசிரியை, 1942ல இருந்து வருஷக்கணக்கா வாராவாரம் கேள்வித்தாள் தயார் பண்ணி ஜனங்களுக்கு அனுப்பிட்டே இருந்தாங்க, பதில் எழுதி அனுப்பினவங்களோட தாளை தானே திருத்தியும் கொடுத்தாங்க. அவங்க பாடத்துல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு தான்: ரஷிக்கு இங்க என்ன இடிக்குது? இந்த கேள்வியை எடுத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

என்ன வேணும்னு பார்ப்போம். ஒரு தமிழ் பைபிள், ஒரு நோட்டு, பென்சில், ஒரு போன். உரைகளுக்கு செஃபாரியா அப்படின்னு இலவச வெப்சைட்டும் ஆப்பும் இருக்கு, அதுல எண்ணாகமம் 33க்கு போய் ஒரு வசனத்தை தொட்டா பக்கத்துல அந்த வசனத்துக்கு யார் யார் உரை எழுதியிருக்காங்கன்னு லிஸ்ட் வரும், ரஷி, ராம்பான், இபன் எஸ்ரா (12ஆம் நூற்றாண்டு ஸ்பெயின்காரர்), ஸ்போர்னோன்னு பேரை தொட்டா திறக்கும், நிறைய உரைக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் கூடவே இருக்கு. அந்த காலத்துல இதையே தான் அச்சுல பண்ணாங்க, நடுவுல வசனம், சுத்தி உரைகள், மிக்ராவோட் கெதோலோட்னு பேரு, வெனிஸ்ல டேனியல் போம்பெர்க் 1516-17ல போட்டது தான் அதோட முதல் பதிப்பு. ஒரே பக்கத்துல ரஷியும் அவரோட ஒத்துப்போகாத இபன் எஸ்ராவும் பக்கத்துல பக்கத்துல இருப்பாங்க. ஒரே குறளுக்கு பரிமேலழகர் ஒண்ணு சொல்ல மணக்குடவர் வேற சொல்றதை பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுசா இருக்காது, யார் உரை சரின்னு உடனே தீர்ப்பு சொல்ல உக்கார வேண்டாம், ரெண்டு பேரும் எதை பார்த்து அப்படி சொன்னாங்கன்னு தேடுங்க.

ஹீப்ரு தெரியலைன்னு தயங்காதீங்க, ஆரம்பிக்க அது தேவையில்ல. ஆனா தமிழ் பைபிள்ல படிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை இருக்கு. பட்டியல்ல ரெண்டு "சீன் வனாந்தரம்" வரும். ஒண்ணு ஏலிம் தாண்டி, சீனாய் மலைக்கு முன்னாடி, மன்னா முதல்ல விழுந்த இடம். இன்னொண்ணு காதேஸ் இருக்குற இடம், மிரியாம் இறந்த இடம், நாப்பதாவது வருஷத்து கதை. ஹீப்ருல ரெண்டும் வேற வேற எழுத்து, வேற வேற இடம், தமிழ்ல ஒரே மாதிரி எழுதுறதால ஒரே இடம்னு நினைச்சுட்டா மொத்த வழியும் குழம்பிடும். நோட்டுல "சீன், மன்னா" "சீன், காதேஸ்"னு தனித்தனியா குறிச்சுக்கோங்க.

இப்ப பென்சிலை எடுங்க. 33:3ல இருந்து 49 வரைக்கும் ஊர்ப் பேரை வரிசையா எழுதி நம்பர் போடுங்க. ராமசேஸ்தான் 1. அதை விட்டுட்டு சுக்கோத்துல இருந்து எண்ணினா 41 தான் வரும், ராமசேசையும் சேர்த்தா 42 வரும், மரபுல சொல்ற கணக்கு 42. எழுதி முடிச்சதும் ரெண்டு கோடு போடுங்க, ஆஸரோத்துக்கும் ரித்மாவுக்கும் நடுவுல ஒண்ணு, ஓர் மலைக்கும் சல்மோனாவுக்கும் நடுவுல ஒண்ணு. மூணு பாகம் ஆகும்: 14, 20, 8. இதை கையால செஞ்சே ஆகணும், ஏன்னா ரஷியோட உரை முழுக்க இந்த கணக்கு மேல தான் நிக்குது.

இனிமே ரஷியை திறங்க. ரஷின்றது ரப்பி ஷ்லோமோ யித்சாகி, 1040ல இருந்து 1105 வரைக்கும் வாழ்ந்தவர், பிரான்ஸ்ல த்ருவா ஊர்க்காரர். 33:1ல அவர் கேள்வியை மறைக்கல, நேராவே கேட்டுடுறார், இந்த பயணங்களை எதுக்கு எழுதி வச்சிருக்கு? கடவுளோட தயவை காட்டுறதுக்குன்றது பதில். கானான் தேசத்தை வேவு பார்த்துட்டு வந்தவங்க அவதூறு பேசின விஷயத்துக்கு அப்புறம் நாப்பது வருஷம் வனாந்தரத்துல அலையணும்னு தீர்ப்பு வந்துச்சு இல்லையா, அதை கேட்டா நமக்கு என்ன தோணும், நாப்பது வருஷமும் ஒரு இடத்துல நிம்மதியா உக்காரவிடாம விரட்டிக்கிட்டே இருந்தார்னு தோணும். அப்படி இல்ல பாருன்னு சொல்லி ரஷி கணக்கு போடுறார். மொத்தம் 42, அதுல 14 முதல் வருஷத்துலயே, தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு, கடைசி 8 ஆரோன் இறந்ததுக்கு அப்புறம் நாப்பதாவது வருஷத்துல, அப்ப நடுவுல இருக்குற 38 வருஷத்துக்கும் சேர்த்து 20 தான். இந்த கணக்கு தன்னோடது இல்ல, ரப்பி மோஷே ஹதர்ஷான்ற உரையாசிரியர்கிட்ட இருந்து எடுத்ததுன்னும் சொல்லிடுறார். நீங்க போட்ட ரெண்டு கோட்டையும் ஒருதடவை பாருங்க, நடு பாகம் தான் தண்டனை காலம், தண்டனைக்குள்ள எவ்வளவு ஓய்வு இருந்துச்சுன்னு அந்த 20ன்ற நம்பர் சொல்லுது. உபாகமம் 1:46க்கு அதே ரஷி எழுதினதை பார்த்தா இன்னும் தெளிவாகும், அந்த 38ல 19 வருஷம் காதேஸ்லயே இருந்தாங்கன்றார். பயணத்துல சரிபாதி காலம் ஒரே ஊர்ல குடியிருந்திருக்காங்க! ஞாயிறு பள்ளியில நாம கேட்ட "நாப்பது வருஷம் நடந்துகிட்டே இருந்தாங்க"ன்ற சித்திரத்துக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்னு யோசிச்சு பாருங்க.

ரஷி அதோட நிறுத்தல, தன்ஹூமா மித்ராஷ்ல (மித்ராஷ்னா பழைய ரப்பிகள் வசனத்தை கதையாவும் உவமையாவும் விளக்கின தொகுப்பு) இருந்து இன்னொரு பதிலையும் பக்கத்துல வைக்கிறார். ஒரு ராஜாவோட மகனுக்கு உடம்பு சரியில்ல, வைத்தியத்துக்காக தூர தேசத்துக்கு கூட்டிட்டு போறார், குணமாகி திரும்பி வர்ற வழியில அப்பா ஒவ்வொரு இடமா காட்டிக்கிட்டே வர்றார், இங்க தான் தூங்கினோம், இங்க உனக்கு குளிர் எடுத்துச்சு, இங்க உனக்கு தலைவலி வந்துச்சு. அவ்வளவு தான் உவமை. இதை அவசரப்படாம படிங்க. முதல் பதில்ல பட்டியல் ஒரு வாதம், கடவுள் கொடுமைக்காரர் இல்லன்னு நிரூபிக்கிற கணக்கு. ரெண்டாவதுல பட்டியல் ஒரு அப்பாவோட ஞாபகம். தலைவலி வந்த இடமும் அந்த லிஸ்ட்ல இருக்கு, அதை அவர் மறைக்கல, ஆனா திட்டறதுக்காக சொல்லல. இந்த ரெண்டு பதிலையும் ரஷி ஒண்ணாக்க முயற்சியே பண்ணாம அடுத்தடுத்து வச்சுட்டு போறார், நீங்களும் அப்படியே விட்டுடுங்க.

அடுத்து ராம்பான். இங்க பேர் குழப்பம் வரும், ராம்பாம் வேற ராம்பான் வேற. ராம்பாம்ன்றது மைமோனிடீஸ் (1138-1204), ஸ்பெயின்ல பிறந்து எகிப்துல வாழ்ந்த தத்துவவாதி, மருத்துவர். ராம்பான்ன்றது நக்மானிடீஸ் (1194-1270), ஸ்பெயின்ல ஜெரோனா ஊர்க்காரர், வயசான காலத்துல இஸ்ரேல் தேசத்துக்கே போயிட்டார். ராம்பான் 33:1க்கு எழுதும்போது முதல்ல ரஷியை எடுத்துச் சொல்றார், அப்புறம் ராம்பாமோட பதிலை கொண்டு வர்றார், அது "குழம்பினோருக்கு வழிகாட்டி"ன்ற அவரோட நூல்ல மூணாம் பாகம் ஐம்பதாவது அதிகாரத்துல வர்றது. ராம்பாமுக்கு கவலையே வேற. அற்புதம்ன்றது பார்த்தவனுக்கு மட்டும் தான் அற்புதம், பின்னாடி வர்றவனுக்கு அது கேள்விப்பட்ட செய்தி, நம்பினாலும் நம்புவான் நம்பாட்டியும் போவான். நாப்பது வருஷம் வனாந்தரத்துல மன்னா தின்னு உயிர் வாழ்ந்தாங்கன்னா நாளைக்கு ஒருத்தன் எழுந்து, அது என்ன பெரிய வனாந்தரம், ஊருக்கு பக்கத்துல தான் இருந்திருப்பாங்க, அரபுக்காரங்க இன்னைக்கும் குடியிருக்குற மாதிரி இடமா இருக்கும், உழுது விதைச்சு அறுத்திருப்பாங்க, கிணறு இருந்திருக்கும்னு சொல்லுவான். அதுக்கு தான் எங்கெங்க தங்கினாங்கன்னு ஒவ்வொரு இடமா பேர் சொல்லி எழுதி வச்சிருக்கு, அந்த இடங்களை பார்த்தாலே அங்க மனுஷன் பிழைக்க முடியாதுன்னு தெரியும்ன்றது அவரோட வாதம். ஒரே பட்டியல், ரஷிக்கு அது கருணைக்கு சாட்சி, ராம்பாமுக்கு அது சந்தேகப்படுறவனுக்கு முன்னாடி வைக்கிற ஆதாரம். ராம்பான் இதையெல்லாம் சொல்லிட்டு, மோசே இதை எழுதினது கடவுளோட கட்டளையால, அதுல நமக்கு வெளிப்படாத ரகசியம் இருக்குன்னு முடிக்கிறார். 33:2ல மோசே எழுதினார்னு சொல்ற இடத்துல வர்ற "கட்டளைப்படி"ன்றதை பத்தி இபன் எஸ்ரா, அது எழுதினதை குறிக்கல, பயணம் போனதை தான் குறிக்குதுன்னு சொன்னதையும் அதே இடத்துல மறுக்கிறார். ஒரு சொல் எதோட போய் சேருதுன்றதுக்கே இவ்வளவு சண்டை.

மூணாவதா ஸ்போர்னோ, இத்தாலிக்காரர், 16ஆம் நூற்றாண்டு. மத்தவங்க எல்லாரும் கடவுள் என்ன பண்ணார்னு பார்க்க இவர் ஜனங்க பக்கம் திரும்புறார். விதைக்காத பூமியில அவரை நம்பி பின்னாடி போனாங்களே, அது அவங்களுக்கு பெருமை, அதை எழுதி வைக்கணும்னு கடவுளே விரும்பினார், அதனால தான் தேசத்துக்குள்ள போற தகுதி வந்துச்சுன்றார். எரேமியா 2:2 (விதைக்காத வனாந்தரத்துல நீ என்னை பின்பற்றி வந்ததை நினைச்சிருக்கேன்னு கடவுள் சொல்ற வசனம்) மனசுல வச்சுக்கிட்டு இதை படிங்க. முறுமுறுத்தாங்க, முறுமுறுத்தாங்கன்னே கேட்டு பழகின காதுக்கு இது ரொம்ப தேவைப்படுற உரை, எனக்கு இந்த அதிகாரத்துல ரொம்ப பிடிச்சதும் இது தான்.

நோட்டுல மூணு பேரையும் மூணு வரியில எழுதிக்கோங்க, ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் "இவரோட கேள்வி என்ன"ன்னு எழுதுங்க, பதிலை எழுதாட்டியும் பரவாயில்ல.

33:2ல ஒரு சின்ன வேலை இருக்கு. ஹீப்ருல அந்த ஒரே வசனத்துல முதல்ல "புறப்பாடுகள், பயணங்கள்"னு வருது, வசனம் முடியும்போது அதையே தலைகீழா "பயணங்கள், புறப்பாடுகள்"னு சொல்லுது. ஏன் மாத்தினாங்க? ஸ்போர்னோ சொல்றார், சில சமயம் விட்டுட்டு போற இடம் நல்லா இருக்கும் போய் சேர்ற இடம் மோசமா இருக்கும், சில சமயம் அதுக்கு நேர்மாறு. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில ப்ராங்பர்ட்ல இருந்த சம்சோன் ரபாயேல் ஹிர்ஷ் வேற மாதிரி பார்க்குறார்: கடவுளுக்கு ஒவ்வொரு புறப்பாடும் அடுத்த இடத்துக்கு முன்னேறுறதுக்காக, ஜனங்களுக்கோ இருக்குற இடம் பிடிக்காம கிளம்புறது தான் நோக்கம், எங்க போறோம்ன்றது அவங்களுக்கு முக்கியமே இல்ல. ரெண்டு கண்ணோட்டத்தையும் வசனம் ரெண்டு வரிசையில பதிஞ்சு வச்சிருக்குன்றார்.

சரி, பட்டியலுக்குள்ள போங்க. உங்க 42 பேர்ல எந்தெந்த பேருக்கு பக்கத்துல கூடுதலா ஒரு வார்த்தை இருக்குன்னு தேடி அடிக்கோடு போடுங்க. ஏலிம்ல 12 நீரூற்றும் 70 பேரீச்ச மரமும் இருக்கு. ரெவிதீம்ல குடிக்க தண்ணி இல்லன்னு இருக்கு. ஓர் மலையில ஆரோன் இறந்தது தேதியோட இருக்கு, நாப்பதாம் வருஷம் அஞ்சாம் மாசம் முதல் தேதி, வயசு 123. இப்ப என்ன இல்லன்னு பாருங்க. சீனாய் வனாந்தரத்துக்கு வெறும் "பாளயமிறங்கினார்கள்" தான், பத்துக் கட்டளை கொடுத்தது பத்தி ஒரு வார்த்தை இல்ல! பொன் கன்றுக்குட்டி இல்ல, கோராகு இல்ல, வேவுகாரங்க இல்ல. பேரீச்ச மரத்தை எண்ணி எழுதினவங்க சீனாயை ஒரே வரியில தாண்டிட்டாங்க. ஏன்னு நீங்களே முதல்ல யோசிச்சு நோட்டுல எழுதிட்டு அப்புறம் உரையை திறங்க, இந்த வரிசை முக்கியம், முதல்ல உரையை திறந்துட்டா உங்க மூளை வேலை செய்யாது.

ஊர்ப் பேரையே உரையா மாத்துறதும் நிறைய வரும். அதுக்கு ரெவிதீம் ஒண்ணை பார்த்தா போதும். தல்மூத்ல (பழைய ரப்பிகளோட விவாதங்களை தொகுத்த நூல்) பெகோரோட்ன்ற பகுதியில 5ஆ பக்கத்துல (அஞ்சாம் தாளோட பின்பக்கம், முன்பக்கம்னா அ) ரப்பி எலியேசரும் ரப்பி யோசுவாவும் பேசுறாங்க. ரெவிதீம்னா என்ன? எலியேசர், அது அந்த ஊர் பேரு, அவ்வளவு தான்றார். யோசுவா, அங்க ஜனங்க தோராவை (மோசேயோட அஞ்சு நூல்கள், அதுல இருக்குற கட்டளைகள்) பிடிச்சிருந்த கையை தளரவிட்டாங்க, அதான் அந்த பேருன்றார். பேர் வெறும் பேர்தான்னு சொல்றவரையும் தல்மூத் மதிச்சு பதிஞ்சு வச்சிருக்குன்றதை கவனிங்க. ரித்மாவுக்கு ரஷி எழுதினதும் இதே யோசுவா வழிதான், அந்த பேரை சங்கீதம் 120ல வர்ற கள்ளநாவு, சூரைச்செடித் தழல் வசனத்தோட கோத்து வேவுகாரங்க பேசின அவதூறை ஞாபகப்படுத்துறார். அதாவது பட்டியல்ல இல்லன்னு நாம சொன்ன வேவுகாரங்க ஒரு ஊர்ப் பேருக்குள்ள இருக்காங்கன்னு ரஷி காட்டுறார்.

இப்ப காதேஸ்ல கொஞ்சம் அதிக நேரம் உக்காரணும், எண்ணாகமம் 20க்கு திரும்புங்க. பட்டியல்ல அது 33ஆவது இடம், ஆனா உரையாசிரியர்கள் அதிகமா சண்டை போட்ட இடம் இது தான்.

முதல் ரெண்டு வசனத்தை மட்டும் எடுங்க. மிரியாம் இறந்து அங்க அடக்கம் பண்ணப்பட்டா. அடுத்த வசனம், ஜனங்களுக்கு தண்ணி இல்ல. நடுவுல எந்த விளக்கமும் இல்ல. நாம ரெண்டு தனித்தனி செய்தியா படிச்சுட்டு போயிடுவோம், தல்மூத்துக்கு இது உறுத்துது: 38 வருஷம் தண்ணிப் பிரச்சனை பத்தி பேச்சே இல்லையே, திடீர்னு இவ இறந்ததும் ஏன் தண்ணி இல்லாம போச்சு? அப்ப இவளால தான் இத்தனை நாள் தண்ணி கிடைச்சிருக்கணும். தல்மூத்ல தாஆனித்ன்ற பகுதியோட 9அ பக்கத்துல இதை விரிச்சு சொல்லுது, மோசே ஆரோன் மிரியாம் மூணு பேரால மூணு கொடை, மிரியாமால கிணறு, ஆரோனால மேகத்தூண், மோசேயால மன்னா. அவங்களோடவே பயணம் போன கிணறு, மிரியாமோட கிணறு. ரெண்டு வசனத்துக்கு நடுவுல இருக்குற வெறும் இடத்துல இருந்து ஒரு கிணறே வந்துடுச்சு! மித்ராஷ் இல்லாததை இட்டுக்கட்டுதுன்னு சொல்றவங்க இந்த இடத்தை ஒருதடவை பொறுமையா பார்க்கணும், வசனம் பக்கத்துல பக்கத்துல வச்சதை அவங்க பார்த்தாங்க, நாம பார்க்கல.

அப்புறம் பாறை. கோலை எடுத்துக்கோ, பாறையை பார்த்து பேசுங்கன்னு கடவுள் சொல்றார், மோசே ரெண்டு தடவை அடிக்கிறார், தண்ணி வருது, ஆனா நீயும் ஆரோனும் தேசத்துக்குள்ள போக மாட்டீங்கன்னு தீர்ப்பு. என்ன தப்பு பண்ணாங்க? ரஷி நேரா சொல்றார், பேசச் சொன்னா அடிச்சுட்டாங்க, பேசியிருந்தா ஜனங்க பார்த்து, காது கேக்காத, பேசாத, சாப்பாடு தேவையில்லாத பாறையே கடவுள் பேச்சை கேக்குதே, நாம எவ்வளவு கேக்கணும்னு நினைச்சிருப்பாங்க. ராம்பாம், "எட்டு அதிகாரங்கள்"ன்ற தன்னோட நூல்ல நாலாவது அதிகாரத்துல, அடிச்சது இல்ல கோபம் தான் தப்புன்றார், "கலகக்காரரே கேளுங்கள்"னு கத்தினார் இல்லையா, அவர் மாதிரி ஆள் கோபப்பட்டா ஜனங்க கடவுளுக்கே கோபம்னு நினைப்பாங்க, ஆனா அங்க கடவுளுக்கு கோபமே இல்ல, தண்ணி கொடுன்னு தான் சொன்னார். ராம்பான் ரெண்டு பேரையும் விடல. ரஷிகிட்ட, பேச மட்டும் தான்னா கோலை எதுக்கு எடுக்கச் சொன்னார்? அடிச்சாலும் பேசினாலும் பாறைக்கு ஒண்ணு தானே, அற்புதத்துல என்ன குறைஞ்சது? ராம்பாம்கிட்ட, வசனம் "என்னை விசுவாசிக்கல"ன்னு தானே சொல்லுது, கோபம்னு எங்க இருக்கு, ஆரோன் வாழ்க்கையில கோபப்பட்டதே இல்லையே அவருக்கு ஏன் தண்டனை? ராம்பாம் சொன்னது வீண்பேச்சுக்கு மேல வீண்பேச்சுன்ற அளவுக்கு கடுமையா எழுதுறார். கடைசியா ரப்பேனு ஹனனேல்ன்ற 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் சொன்னது தான் ஏத்துக்கற மாதிரி இருக்குன்றார்: "நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ"ன்னு சொன்னாங்க பாருங்க, அந்த "நாங்கள்" தான் பிரச்சனை, கடவுள் தருவார்னு சொல்லாம தாங்களே தர்ற மாதிரி ஜனங்களுக்கு கேட்டுடுச்சு.

இதோட முடியல. 1492ல ஸ்பெயினை விட்டு வெளியேத்தப்பட்ட யூதர்கள்ல ஒருத்தரான டான் இசாக் அபர்பனேல், பாறை ஒரு சாக்கு தான், உண்மையில மோசேக்கு தண்டனை வேவுகாரங்களை அனுப்பினதுல அவருக்கு இருந்த பங்குக்காக, ஆரோனுக்கு பொன் கன்றுக்குட்டிக்காக, அவங்க மரியாதையை காப்பாத்த தோரா அதை மூடிச் சொல்லுதுன்றார். (ஆரம்பிக்கிறவங்களுக்கு அபர்பனேல் பெரிய உதவி, ஏன்னா அவர் ஒரு பகுதியை விளக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தன்னோட கேள்விகளை எல்லாம் வரிசையா எழுதிடுவார், உரை நீளமா இருந்தாலும் கேள்விகளை மட்டுமாவது படிச்சுடுங்க.) 19ஆம் நூற்றாண்டு இத்தாலியில சாமுவேல் டேவிட் லுட்சாத்தோ இதையெல்லாம் பார்த்துட்டு, மோசே பண்ணது ஒரு பாவம், உரையாசிரியர்கள் அவர் தலையில பதிமூணு பாவத்துக்கு மேல ஏத்திட்டாங்கன்னு வருத்தப்படுறார். அந்த வருத்தத்துல நியாயம் இருக்கு. ஆனா இவங்க யாரும் மோசேயை குறை சொல்லணும்னு எழுதல, தண்டனை இவ்வளவு பெருசா இருக்கே, வசனத்துல தப்பு இவ்வளவு சின்னதா தெரியுதேன்ற வலியில தான் தேடுறாங்கன்னு எனக்கு தோணுது. இந்த இடத்துக்கு நோட்டுல ஒரு முழு பக்கம் விடுங்க, பேர், கேள்வி, எந்த வார்த்தையை பிடிச்சுக்கிட்டு பேசுறார், யாரை மறுக்கிறார்னு நாலு கட்டம் போட்டு எழுதினா ஒரு வருஷம் படிச்சாலும் வராத தெளிவு ஒரே நாள்ல வரும்.

மித்ராஷ் கதைகளை எப்படி எடுத்துக்கறதுன்னு நிறைய பேர் தடுமாறுவாங்க. புலம்பல் நூலுக்கான மித்ராஷான ஏக்கா ரப்பால ஒரு கதை இருக்கு. அந்த 38 வருஷத்துல மூத்த தலைமுறை எப்படி இறந்துச்சுன்னு எண்ணாகமம் சொல்லவே இல்ல, எண்ணாகமம் 14ல தீர்ப்பு வருது, 20ல பார்த்தா புது தலைமுறை நிக்குது, நடுவுல மௌனம். கதை அந்த மௌனத்துக்குள்ள போகுது. வருஷா வருஷம் ஆவ் மாசம் (பைபிள் கணக்குல அஞ்சாம் மாசம்) 9ஆம் தேதிக்கு முந்தின சாயங்காலம், வெளிய போய் தோண்டுங்கன்னு அறிவிப்பு வரும், ஆளாளுக்கு தனக்கு குழி தோண்டி அதுலயே படுப்பாங்க, விடிஞ்சதும் உயிரோட இருக்குறவங்க பிரிஞ்சு வாங்கன்னு குரல் கேக்கும், எழுந்து பார்த்தா வருஷத்துக்கு 15,000 பேர் குறைஞ்சிருப்பாங்க. கடைசி வருஷம் எல்லாரும் எழுந்துட்டாங்க. நாள் கணக்கு தப்பிடுச்சோன்னு அடுத்த ராத்திரியும் போய் குழியில படுக்கிறாங்க, அதுக்கு அடுத்த ராத்திரியும், 15ஆம் தேதி முழு நிலாவை பார்த்ததும் தான் தீர்ப்பு முடிஞ்சுடுச்சுன்னு நம்புறாங்க. ஆவ் 15 யூதர்களுக்கு ஏன் சந்தோஷமான நாள்னு தாஆனித் 30ஆ பக்கம் சொல்ற காரணங்கள்ல வனாந்தரத்து சாவு நின்னதும் ஒண்ணு. இது நடந்துச்சா இல்லையான்னு கேக்கறதுல தப்பில்ல, ஆனா அதை ரெண்டாவது கேள்வியா வச்சுக்கோங்க. முதல் கேள்வி, வசனம் எங்க மௌனமா இருக்கு, கதை அங்க என்ன பேசுது? எழுந்ததும் நம்ப முடியாம மறுபடியும் போய் குழிக்குள்ள படுத்தாங்கன்ற அந்த ஒரு விவரத்துல, தண்டனைக்கு பழகிப்போன மனுஷங்களை பத்தி எவ்வளவு தெரிஞ்சவங்க இதை சொல்லியிருக்கணும்!

படிக்கிற நேரமும் முக்கியம். ஜெப ஆலயத்துல வருஷம் முழுக்க தோராவை பகுதி பகுதியா வாசிப்பாங்க, எண்ணாகமம் 33ல ஆரம்பிக்கிற பகுதிக்கு மஸ்ஏன்னு பேரு, பல வருஷம் அதுக்கு முந்தின மத்தோட் பகுதியோட சேர்த்து வாசிப்பாங்க, கோடைக்காலத்துல, ஜெருசலேம் ஆலயம் இடிஞ்சதை நினைச்சு துக்கம் காக்குற மூணு வாரத்துக்குள்ள வரும். ஆரோன் இறந்த தேதி ஆவ் 1ன்னு பட்டியல்ல பார்த்தோம் இல்லையா, வாசிக்கிற வாரமும் அந்த தேதியை ஒட்டியே வந்து விழும். சில சபைகள்ல 42 இடங்களையும் நடுவுல நிறுத்தாம ஒரே மூச்சா வாசிப்பாங்க, சில இடங்கள்ல தனி ராகமே உண்டு. முடிஞ்சா ஒரு ரெக்கார்டிங் தேடி கேளுங்க, கண்ணால தாண்டிப் போன பட்டியல் காதுல வேற மாதிரி விழும்.

ஹசிதிய பக்தி இயக்கத்தை தொடங்கின பால் ஷேம் தோவ் சொன்னதா அவரோட பேரன் பதிஞ்சு வச்ச ஒண்ணு ரொம்ப பிரபலம், இந்த 42 பயணமும் ஒவ்வொரு மனுஷனோட வாழ்க்கையிலயும் பிறப்புல இருந்து இறப்பு வரைக்கும் இருக்குன்னு. அழகான வாசிப்பு, ஆனா அதை கடைசியில வச்சுக்கோங்கன்னு கேட்டுக்கறேன். முதல்லயே இதை பிடிச்சுக்கிட்டா மாரா நம்ம கஷ்டம், ஏலிம் நம்ம ஆறுதல்னு போயிட்டே இருப்போம், ரஷியோட கணக்கும் ராம்பாமோட கவலையும் தேவையே படாது. சபையில கேட்ட அடையாள விளக்கங்களையும் அதே மாதிரி கொஞ்ச நேரம் ஓரமா வச்சுட்டு வாங்க, தூக்கிப் போடணும்னு இல்ல, இவங்க குரல் கேக்கறதுக்கு இடம் விடணும், அவ்வளவு தான்.

அப்புறம் தயவுசெஞ்சு "யூதர்கள் இதுக்கு இப்படி தான் அர்த்தம் சொல்றாங்க"ன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. ரஷி சொல்றார், ராம்பான் மறுக்கிறார், தாஆனித்ல இருக்குன்னு பேரோட சொல்லுங்க. யார் சொன்னாங்களோ அவங்க பேரோட சொல்லணும்ன்றது அந்த மரபே கட்டிக்காக்குற ஒழுக்கம், ரஷியே மோஷே ஹதர்ஷான் பேரை சொல்லிட்டு தான் கணக்கை கொடுத்தார்.

33 முடிச்சதும் உபாகமம் 1:1க்கு போங்க. சூப், பாரான், தோப்பேல், லாபான், ஆஸரோத், திசாகாப்னு மறுபடியும் ஊர்ப் பேரு வரிசை. உங்க 42 லிஸ்ட்டை பக்கத்துல வச்சு எது அதுல இருக்கு, எது இல்லன்னு டிக் பண்ணுங்க, தோப்பேலும் லாபானும் அதுல கிடைக்காது. அப்படி பேர்ல இடமே இல்லன்றதை ரஷியும் சுட்டிக்காட்டுறார், அவருக்கு அதெல்லாம் மோசே ஜனங்க மனசு நோகாம மறைமுகமா சொன்ன கண்டிப்பு, இபன் எஸ்ரா நிஜ இடமாவே எடுத்துக்குறார். ரெண்டு உரையையும் திறக்கறதுக்கு முன்னாடி உங்க கேள்வியை நோட்டுல எழுதிடுங்க.